பூட்ஸில் ஒட்டிய களிமண்

போன மாதம் காரைக்காலில் விவசாயம் படிக்கும் பிள்ளைகள் முன்னால் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். "பிரான்ஸ்ல திராட்சைத் தோட்டத்துல இருபத்தொன்பது வருஷம் வேலை பாத்தவங்க நம்ம தருமபுரத்துலயே இருக்காங்க" என்று யாரோ அவர்கள் ஆசிரியரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சரி, கையை வீசிக்கொண்டு போவானேன், ஒரு பாட்டில் எடுத்துப்போய்க் காட்டலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். பாட்டில் கடைக்குக் குறைச்சலா நம்மூரில்! நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக நான் போய் நின்றதும் வரிசையில் நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டார்கள்.

"ரீஸ்லிங் இருக்காப்பா?"

"அப்படி ஒரு பிராந்தி வரல்லைங்களேம்மா."

"பிராந்தி இல்லப்பா, ஒயின். வெள்ளை ஒயின்."

அவன் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தான். தகரக் கூரையின் சூடு நேராக இறங்கும் இடம் அது. எத்தனை நாளாக அங்கே நிற்கிறது என்று கேட்டேன். "நான் வேலைக்குச் சேர்ந்த நாளா நிக்குதுங்கம்மா. ஒயின் பழசானா விசேஷந்தானே?" என்றான். சூட்டில் வெந்துபோன ஒயினை யாருக்குக் காட்டுவது? இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனேன்.

ஒயினில் மண்ணின் ருசி வரும் என்று பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "ஆன்ட்டி, கடைசில எல்லாமே போதைதானே? இதுல மண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் அது நியாயமான கேள்வி. கொடுத்த நேரம் முடிந்துவிட்டதால் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் பூவத்துக்காரி. நண்டலாற்றுத் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். என் வீட்டுக்காரர் கணேசனின் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தவர். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு இவரும் போய், அல்சாஸ் என்கிற பகுதியில் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிரான்சின் கிழக்கு ஓரம், தாண்டினால் ஜெர்மனி. கல்யாணமாகி நானும் போனேன். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் திராட்சை பறிக்கப் போனேன். பறிப்பு முடிந்ததும் கிளை நறுக்கும் கவாத்துக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் ஒயின் பீப்பாய்கள் இருக்கும் நிலவறைக்கு. இடையில் இரண்டு குளிர்காலம் சனிக்கிழமை தோறும் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழும் வாங்கினேன். இங்கே சொந்தக்காரர்கள் "செல்வி சாராயக் கம்பெனியில வேலை பாக்குறா" என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். சொல்லட்டும்!

எனக்கு மேலதிகாரி ஒதீல். என்னைவிட இரண்டு வயது சின்னவள். தோட்டமும் நிலவறையும் அவள் பொறுப்பு. பத்திரமும் வியாபாரமும் அவள் அண்ணன் பெர்னாரிடம். ஒதீல் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையும் மூன்று தரம் கேட்பாள். "பாத்தீங்களா? நீங்களே பாத்தீங்களா? எப்போ பாத்தீங்க?" பாராட்டு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வராது. கடைசி வரைக்கும் என்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டாள், நானும் அப்படித்தான். அவர்கள் பேசியதெல்லாம் பிரெஞ்சு. என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி நம்மூர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

அவளிடம் நான் செய்த முதல் காரியமே கோமாளித்தனம். மலைச்சரிவில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அரை ஹெக்டேர்கூட வராது. படிப்படியாகப் பன்னிரண்டு வரிசை, எல்லாம் ரீஸ்லிங், ஒதீலின் பாட்டனார் நட்ட கிழட்டுக் கொடிகள். மேல்துண்டு என்பார்கள். அங்கே களை எடுக்க என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் தரையெல்லாம் கல்! காவிரிக் கடைமடையில் பிறந்தவளுக்குக் கல் என்றால் அம்மி, கோயில் படிக்கட்டு, ரயில் தண்டவாளம். வயலில் கல் கிடந்து நான் கண்டதில்லை. ஐயோ பாவம், இத்தனை வருஷம் யாருக்கும் பொறுக்கிப்போட நேரம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாலு நாள் குனிந்து குனிந்து மூன்று வரிசைக் கல்லையும் பொறுக்கி ஓரத்தில் அழகாகக் குவித்து வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒதீல் வந்தாள். குவியலைப் பார்த்தாள்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றேன் பெருமையாக.

"ஏன்?"

"வயல்ல கல்லு கிடந்தா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குவியல்மேல் வைத்தாள். வெயில் இறங்கிக் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். கல் வெதுவெதுப்பாக இருந்தது. "பகல் சூட்டை இது வாங்கி வச்சுக்குது. இருட்டினப்புறம் கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்குது. மழை பெஞ்சா ஈரம் சட்டுன்னு காயாம மூடிக்குது. மறுபடி போடணும்" என்றாள். நான் ஒருத்தியாகப் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் கையுறையோடு அவளும் வந்து நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று நாள் கல்லைத் திரும்பப் பரப்பினோம். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ரீஸ்லிங் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை இனம். மெதுவாகப் பழுக்கும், அவசரப்படாது. சாற்றிலிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றுகிறது. ஏறக்குறைய ஒரு துளி விடாமல் தின்று தீர்த்துவிட்டால், இனிப்பே இல்லாத ஒயின் கிடைக்கும். கடைக்காரர்கள் டிரை என்று சொல்வது அதைத்தான். இனிப்பு இருந்தால் ஆயிரம் குறையை மறைத்துவிடும். டிரை ரீஸ்லிங்கில் இனிப்பும் இல்லை, புது மரப்பீப்பாயின் வாசனையும் இல்லை. ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. எந்த மண்ணில் நின்றது, எந்த வருஷத்து வெயிலைத் தின்றது, யார் எப்போது பறித்தார்கள் எல்லாம் நாக்கில் வந்துவிடும். அதனால்தான் அந்த ஒயின்மேல் எனக்கு அத்தனை மரியாதை.

அல்சாஸுக்கு மேற்கே வோஜ் என்ற மலைத்தொடர். வருகிற மேகமெல்லாம் மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிவிட்டுக் காலியாக இந்தப்பக்கம் வரும். ஆகவே வெயிலுக்குக் குறைவில்லை, மழை கொஞ்சம்தான். பறிப்புக் காலத்தில் பகல் சூடு, இரவு குளிர். பகல் சர்க்கரையை ஏற்றும், குளிர் புளிப்பைக் காப்பாற்றும். சரிவில் மேலே கருங்கல் பொடிந்து உதிர்ந்த மணல். தண்ணீர் நிற்காது, கொடி வேரை ஆழத்துக்கு விட்டுத் தேடவேண்டும். அதில் வரும் ஒயின் ஒல்லியாக, நறுக்கென்று, வாயில் வைத்ததும் பேசும். கீழே சுண்ணாம்பு கலந்த களி; ஈரம் பிடித்து வைக்கும். அதில் வருவது கனமாக, சில வருஷம் வாயே திறக்காமல் இருந்து அப்புறம் பேசும். ஒரே கொடி, ஒரே ஊர், நடுவில் பத்து நிமிஷ நடை. கடைமடை வயல் அரிசிக்கும் தலைமடை அரிசிக்கும் சோற்றில் ருசி மாறும் என்று பூவத்தில் எங்கள் அப்பா அடித்துச் சொல்வார். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

ருசி பார்க்கப் பழகியதுதான் பெரும்பாடு. முதல் தடவை ஒதீல் கோப்பையை நீட்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாந்து, உதடு படாமல், வாயில் ஊற்றிக்கொண்டேன்! அவள் வாய்வைத்த கோப்பையில் நான் எப்படி வாய்வைப்பேன்? நான் வாய்வைத்ததை அவளிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? நிலவறையில் இருந்த நாலு பேரும் கைதட்டினார்கள். ஒதீல் மட்டும் யோசனையாகப் பார்த்தாள். "இதுல மூக்கு எங்க போகும்?" என்றாள். அடுத்த நாள் எனக்கென்று ஒரு தனிக் கோப்பை, காம்பில் சிவப்பு நூல் கட்டி, ஆணியில் தொங்கியது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு. எச்சில் என்றால் என்ன என்று அவள் கேட்கவுமில்லை, நான் விளக்கவுமில்லை.

அவள் முறை இப்படி. கோப்பையில் இரண்டு விரல் அளவு. ஆட்டாமல் ஒரு தரம் முகர வேண்டும், சுற்றி ஆட்டி இன்னொரு தரம். அப்புறம் ஒரு வாய், உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்து, நாக்கின் இரு ஓரத்திலும் ஓடவிட்டு, வாளியில் துப்ப வேண்டும். துப்பியபின் எத்தனை மூச்சு வரைக்கும் ருசி நிற்கிறது என்று எண்ணவேண்டும். வாசனையை அவரவர் சொல்லில் சொல்லவேண்டும். புத்தகத்தில் படித்ததைச் சொன்னால் கோபம் வரும். ஒருநாள் மேல்துண்டு ஒயினில் நான் நார்த்தங்காய் என்றேன். அப்படி என்றால்? விடுமுறைக்கு வந்தபோது அம்மாவிடம் ஒரு டப்பா உப்பு நார்த்தங்காய் வாங்கிப்போனேன். ஒதீல் ஒரு துண்டை முகர்ந்தாள், கடித்தாள், கண்ணை மூடினாள். "ஆமா, இதுதான். நாங்க இத்தனை வருஷமா எலுமிச்சைன்னு தப்பா எழுதிக்கிட்டிருந்தோம்" என்று நோட்டில் நார்த்தங்காய் என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்தாள். அப்படியே டப்பாவையும் வாங்கிக்கொண்டாள்.

இப்படிப் பதின்மூன்று வருஷம் போயிற்று. கடைசி இரண்டு வருஷம் மேல்துண்டு ஒயின் காலை வாரிவிட்டது. நொதிப்பு பாதியில் நின்றுபோய், இனிப்பு தங்கி, டிரை என்று விற்க வழியில்லை. மலிவு ஒயினோடு கலந்துதான் தள்ளினார்கள். பெர்னாருக்குப் பொறுமை போய்விட்டது. மனிதர் கெட்டவர் இல்லை; முகத்துக்கு நேரே பேசுகிறவர். வசந்தத்தில் ஒருநாள் நிலவறைக்கு வந்து சொன்னார்:

"ஒதீல், கிழட்டுக் கொடி. காய்ப்பும் கம்மி, ஒயினும் சரியில்ல. இந்த வருஷமும் மேல்துண்டு தன் பேர்ல டிரையா நிக்கலன்னா குளிர்காலத்துல டிராக்டர் விட்டுப் பிடுங்கிடுவேன். சிவப்புத் திராட்சை நடலாம்."

"சரி, இந்த வருஷம்" என்றாள் ஒதீல். அவர் போனதும் பத்து நிமிஷம் பீப்பாயைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொடிகளின் நடுவில்தான் அவள் நடை பழகினாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் நான் கவாத்து செய்த கொடிகள்.

பார்த்துப் பார்த்து அந்த வருஷம் முந்தின இரண்டு வருஷத்தையும்விட வெயில் கொளுத்தியது. இரண்டு மாதம் சொட்டு மழை இல்லை. மேல்துண்டுக் கொடிகளின் இலைகள் நடுப்பகலில் ஓரம் சுருண்டு தொங்கின. பறிக்கும் நாளை முடிவு செய்ய, மூன்று நாளுக்கு ஒரு தரம் பழம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அதற்கும் பாட்டனார் காலத்து முறை ஒன்று இருந்தது. ஒரே கொடியை அடிக்கடி மொட்டையடிக்கக் கூடாது என்று, ஒரு தரத்துக்கு மூன்று வரிசை. மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த தரம் நாலு, ஐந்து, ஆறு. இப்படி நாலு தரத்தில் பன்னிரண்டு வரிசையும் சுற்றிவரும். பழம் எடுப்பது என் வேலை.

முடிவு வந்து பார்த்தால் தலைகால் புரியவில்லை. முதல் தரம் சர்க்கரை எக்கச்சக்கம், புளிப்பும் ஒழுங்கில்லை. அடுத்த தரமும் அப்படியே. மூன்றாம் தரம் நடுவாந்திரம். நாலாம் தரம் சர்க்கரை குறைந்து, புளிப்பு அழகாக, ஆரோக்கியமான வருஷத்துப் பழம்போல இருந்தது. பழுக்கிற பழம் பின்னால் போகுமா? ஒதீல் தாளை என்முன் வைத்தாள்.

"நீங்க எங்க பறிச்சீங்க?"

"முறைப்படிதான்."

"நிழல் பக்கமும் எடுத்தீங்களா? வெயில் பக்கமும் எடுத்தீங்களா? நீங்களேதான் எடுத்தீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! "பதினாலு வருஷமா என் கையைப் பாக்குறீங்க. இன்னைக்கு வந்து சந்தேகப்படறீங்களா? வேற ஆளை வச்சுக்குங்க" என்று கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா தாளைத்தானே கேட்டாங்க, உன்னையா கேட்டாங்க? கொடி போயிடுமேங்கற பயத்துல இருக்காங்க. நீ போய்ச் சரியா எடுத்துக் காட்டேன்" என்றார். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரி.

அன்று சாயங்காலம் இடியோடு ஒரு சின்ன மழை. மண்ணின் மேல்தோலை நனைத்ததோடு சரி. விடிந்ததும் பன்னிரண்டு பைகளோடு போனேன். வரிசைக்கு ஒரு பை, தனித்தனியாக எடுத்து அவள் மேசையில் வரிசையாக வைத்து, இப்போது என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்பது என் திட்டம். மேலிருந்து இறங்கிக்கொண்டே வந்தேன். பத்தாவது வரிசைக்கு வரும்போது பூட்ஸ் கனத்தது. வழக்கம்போலக் குச்சி ஒன்றை எடுத்துச் சேற்றைச் சுரண்டினேன். சுரண்டியதைக் கை தானாக உருட்டியது. பூவத்தில் வரப்பில் நண்டு வளை தெரிந்தால் இப்படித்தான் ஒரு உருண்டை உருட்டி அடைப்போம். உருண்டை உடையாமல் வழவழவென்று உள்ளங்கையில் நின்றது.

அப்படியே நின்றுவிட்டேன். ஓடிப்போய் நாலாவது வரிசையில் ஒரு பிடி எடுத்து உருட்டினேன். விரலிடுக்கில் மணலாக உதிர்ந்தது. எட்டாவது, உதிர்ந்தது. ஒன்பதாவது, உருண்டது. அடி மடச்சி! ஒவ்வொரு மழைக்கும் கீழ்வரிசையில் பூட்ஸ் கனக்கிறது, குச்சியால் சுரண்டுகிறேன், சுவரில் தட்டுகிறேன், வீட்டுக்குப் போகிறேன். ஒரு நாளாவது வாயைத் திறந்தேனா? கல்லைப் பார்த்ததும் பொறுக்கக் குனிந்தவள், களியைப் பார்த்து ஒன்றுமே நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து காலில் ஒட்டுவது களிதான். எனக்கு மண் என்றாலே அதுதானே!

பைகளோடு நேரே ஒதீலிடம் போனேன். களி உருண்டையையும் மேல்வரிசையில் அள்ளிய ஒரு பிடியையும் மேசையில் வைத்தேன். மேல்வரிசை மண் வைத்ததுமே பொலபொலவென்று சரிந்தது.

"மேல்துண்டு ஒரே மண்ணு இல்ல. ஒன்பதாவது வரிசையிலேர்ந்து கீழ நாலு வரிசையும் களி."

"எங்க வரைபடத்துல முழுக்கக் கருங்கல் மணல்தான் போட்டிருக்கு."

"வரைபடத்துக்குப் பூட்ஸ் இல்லையே."

அவள் உருண்டையை எடுத்து அழுத்திப் பார்த்தாள். "எத்தனை நாளா தெரியும்?"

"பதினாலு வருஷமா பூட்ஸ்ல தட்டிக்கிட்டிருக்கேன். தெரியும்னே தெரியாது. என்னைத் திட்டுங்க" என்றேன்.

அவள் திட்டவில்லை. மண்வெட்டி இரண்டை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். இரண்டாவது வரிசையில் ஒரு குழி, பதினோராவது வரிசையில் ஒரு குழி. மேற்குழியில் முழங்கால் ஆழத்தைத் தாண்டியும் மணலும் உடைந்த கல்லும்தான். கீழ்க்குழியில் மேலாகக் கொஞ்சம் கல், அதற்கடியில் இடுப்பளவுக்கு மஞ்சள் களி, ஈரத்தோடு. ஒதீல் குழிக்குள் இறங்கி நின்றபடியே, அப்பா எப்போதோ சொன்னதை நினைவுக்குக் கொண்டுவந்தாள். பாட்டனார் காலத்தில் பெருமழையில் சுவர் இடிந்து கீழ்ப்பகுதி சரிந்துபோயிற்றாம்; பள்ளத்து வயலிலிருந்து வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து நிரப்பினார்களாம். அதன்மேல் கல்லைப் பரப்பியதும் பார்க்க எல்லாம் ஒன்றாகிவிட்டது.

அத்தனையும் விளங்கிவிட்டது. களியில் நின்ற கொடிக்கு ஈரம் இருந்தது, ஒழுங்காகப் பழுத்தது. மணலில் நின்ற கொடி தாகத்தில் வேலையை நிறுத்திவிட்டது. பழம் பழுக்கவில்லை, தண்ணீர் வற்றிச் சுருங்கியது. சுருங்கினால் சர்க்கரை அளவு ஏறத்தான் செய்யும். விதையைக் கடித்துப் பார்த்தோம், பச்சை, கசப்பு. முந்தின இரண்டு வருஷமும் வறட்சிதான். பழுத்ததையும் வற்றியதையும் ஒரே நாளில் பறித்து ஒரே பீப்பாயில் போட்டிருக்கிறோம். அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் பாதியில் மூச்சு முட்டி நின்றதில் என்ன ஆச்சரியம்? சாதாரண வருஷங்களில் வித்தியாசம் கொஞ்சம் என்பதால் பாட்டனாரின் மும்மூன்று வரிசை முறையே அதை மறைத்துவிட்டது.

பெர்னார் வெள்ளிக்கிழமைக்குப் பறிப்பு ஆட்களைச் சொல்லிவிட்டிருந்தார். ஒதீல் அவரிடம் போனாள், நானும் கூடப் போனேன்.

"வெள்ளிக்கிழமை கீழ் நாலு வரிசை மட்டும். மேல் எட்டு நிக்கட்டும்."

"எதுக்கு நிக்கணும்? மழைக்கா? வராட்டி?"

"வராட்டி நீ சொன்னபடி."

"வந்து அழுகிப்போனா?"

"அப்பவும் நீ சொன்னபடிதான்" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அந்தத் துணிச்சல் எனக்கு வராது. எல்லாரும் நோகாமல் இருக்க நடுவாந்திரமாக ஒரு நாளைச் சொல்லியிருப்பேன்.

பதினோரு நாள் காத்திருந்தோம். அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் பறித்து முடித்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் தினமும் காலையில் ஏறி, வரிசைக்குப் பத்துப் பழம் கடித்து விதையைத் துப்புவோம். நாலாம் நாள் வந்தது மழை. அடித்துப் பெய்யாமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை நிதானமாக, கடவுள் புண்ணியத்தில். இலைகள் விரிந்தன. பழம் மறுபடி உப்பியது. சர்க்கரை இறங்கியதைப் பார்த்துப் பெர்னார் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் இரவுகள் குளிர்ந்தன. சர்க்கரை மெல்ல ஏறியது, இந்தத் தடவை உண்மையாகவே. பதினோராம் நாள் விதை பழுப்பாகி, வறுத்த கடலைபோல மொறுக்கென்று உடைந்தது. ஒதீல் கடித்தாள், நான் கடித்தேன். "நாளைக்கு" என்றாள்.

இரண்டையும் தனித்தனிப் பீப்பாயில் போட்டோம். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் சூட்டையும் அடர்த்தியையும் அளந்து பீப்பாயின் முகத்தில் சாக்பீஸால் எழுதுவாள். நடுவில் ஐந்து நாள் மேல் எட்டு வரிசைப் பீப்பாயில் அளவு அசையவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒதீல் அடியில் தங்கிய ஈஸ்ட்டைத் தடியால் மெதுவாகக் கிளறிவிட்டாள், நிலவறைக் கதவைச் சாத்தி ஒரு சின்னக் கணப்பை வைத்தாள், வேறெதுவும் செய்யவில்லை. ஆறாம் நாள் காதை வைத்துக் கேட்டால் உள்ளே மறுபடி சரசரவென்ற சத்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முடிந்தது. சர்க்கரை அனேகமாக இல்லவே இல்லை.

நம்மூரில் பொங்கல் வரும் வாரத்தில் பெர்னார் ருசி பார்க்க வந்தார். இரண்டு கோப்பை ஊற்றினோம், எது எது என்று சொல்லவில்லை. களி வரிசை ஒயினை வாயில் வைத்து, "கனம் இருக்கு. வாயைத் திறக்கமாட்டேங்குது. ரெண்டு வருஷம் கிடக்கட்டும்" என்றார். அடுத்தது மேல் எட்டு வரிசை. முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். வாயில் வைத்தார். ஒல்லியாக, நேராக, நறுக்கென்று ஒரு புளிப்பு, பின்னால் நனைந்த கல்லின் வாசனை, கடைசியில் லேசாக ஒரு உப்பு. எனக்குத் தெரியும், காலையிலேயே பார்த்திருந்தேன். அத்தனை சுத்தமான ஒயினை அந்த நிலவறையில் அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. அவர் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

கோப்பையை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போனார். குளிர்கால வேலைப் பலகை அங்கே தொங்கும். எந்தத் துண்டுக்கு யார் கவாத்து என்று ஒதீல் எழுதிவைப்பாள். பிடுங்கப்போகிற கொடிக்கு யாரும் கவாத்து செய்வதில்லை. அதனால் அந்த வருஷம் மேல்துண்டுக்கு எதிரே அவள் ஒன்றும் எழுதவில்லை. பெர்னார் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஏன் பேர் இல்ல?"

நான்தான் சொன்னேன்: "நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"நான் என்ன சொல்றது? மார்ச்சுக்குள்ள கவாத்து முடியவேணாமா?" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

ஒதீல் சாக்பீஸை எடுத்தாள். மேல்துண்டு என்று ஒற்றை வரியாக இருந்ததை அழித்து இரண்டு வரியாக்கினாள். மேல் எட்டு, கீழ் நாலு. முதல் வரியில் அவள் பெயர். இரண்டாவது வரியில் என் பெயர். எழுதி முடித்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தபடியே நின்றாள். அவள் தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, நன்றாக அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் கத்திரியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம்.